கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

மார்ச் 9, சனி

மகளிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனேன். இது ஆறாவது தடவை. இவ்வளவு வைத்தியத்துக்கு எனக்கு இந்நேரம் சுவருக்கு அந்தப் பக்கமே தெரிய வேண்டும்.

மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு வருடம் நான்கு மாதம். அன்றிலிருந்து என்னோடு வந்து இருக்கும் இவள் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். யாராவது ஒருத்தர் போய் அந்த மனிதரை நாலு திட்டுத் திட்ட வேண்டாமா? அதற்காகத்தான் நான் போக ஆரம்பித்தேன்.

வாசலில் பை, சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சேலையில் ஒரு சேஃப்டி பின் இருந்ததற்கு அந்த மெஷின் ஊரையே கூட்டியது. கைதியைப் பார்க்க நாம் கொடுக்கும் மனுவில் முத்திரை குத்தும் காவலர் அம்மாவுக்கு நான் வைத்த பெயர் சீல் அம்மா. கொசு அடிப்பது மாதிரிதான் குத்துவார்.

நடுவே கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். ஒரே கரகரப்பு. முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் நான். இப்படி ஒரு லைனைக் கொடுத்திருந்தால் என்னைத்தான் உள்ளே போட்டிருப்பார்கள்.

லாரி ஓட்டிய மனிதர் இப்போது முடிதிருத்தும் பயிற்சி வகுப்பில் இருக்கிறார். ஒருவர் தலையில் ஒருவர் பழகுகிறார்களாம்.

“என்ன மாப்பிள்ளை, தலையை எலி கடிச்சிருச்சா?”

“பக்கத்து அறைக்காரர், அத்தை. இப்பத்தான் கத்துக்கறார்.”

“அவர் தலைய யார் வெட்டினது?”

“நான்தான். அதப் பாத்தீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷம் சேத்துப் போடச் சொல்வீங்க.”

சிரித்துவிட்டேன். திட்டப் போனவள்! இருபது நிமிடமும் தீர்ந்துவிட்டது.

வழக்கம்போல மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன மனிதரோ.

மார்ச் 23, சனி

மனு ரத்து. வகுப்பு முடிந்து எண்ணும்போது ஒரு கத்தரிக்கோல் குறைந்ததாம். ஜெயில் முழுக்கப் பூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மெத்தையையும் உதறியிருக்கிறார்கள். நாங்கள் நாற்பது பேர் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். கடைசியில் அது சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரின் ஏப்ரன் பையில் இருந்தது.

சீல் அம்மா வெளியே வந்து சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். “இன்னைக்கு இல்லம்மா. அடுத்த மாசம் ரெண்டாஞ் சனி வாங்க.” வாத்தியாரை உள்ளேயே வைத்துக்கொண்டார்களா என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 25, திங்கள்

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

மாப்பிள்ளையின் லாரி சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனவள், வீட்டுக்குப் பின்பக்கம் தார்ப்பாய் மூடி நின்ற வண்டியைப் பார்த்தேன். முன்விளக்கு உடைந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் போலீஸுக்கு ஃபோன் செய்தது நான்தான். ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள், என் வீட்டுக்கே ஒரு லைன் கொடுத்தேன்.

இரண்டு பேருக்கும் தெரியாது. அவர்களுடைய எதிர்வீட்டுக்காரர்தான் சொன்னார் என்று மகள் இன்றைக்கும் அவரைச் சபிக்கிறாள். பாவம், கடைத்தெருவில் பார்த்தால் அவர் என்னிடம் குடும்பமே நலமா என்று விசாரிக்கிறார்.

அடிபட்டவர் இன்னமும் கோலூன்றித்தான் நடக்கிறார். நான் செய்தது தப்பில்லை. தப்பில்லை என்றால் ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை?

ஏப்ரல் 13, சனி

சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை ரிசீவரைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். லைன்தான் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டினேன். பிறகு சொன்னார், “அன்னைக்குக் காலையில நானே ஸ்டேஷனுக்குப் போறதா இருந்தேன் அத்தை. சட்டைகூடப் போட்டுட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்றேன். ஏன் சொன்னேன்? எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்றே கிடையாதா இந்த வாய்க்கு?

“நானா போயிருந்தா தண்டனையில ஒரு வருஷமாவது கொறஞ்சிருக்கும்.” ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பதினொரு நிமிடம் மீதி இருந்தது. அந்தப் பதினொரு நிமிடமும் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 27, சனி

“அவர் வரமாட்டேன்னுட்டார்மா.” சீல் அம்மா இன்று முத்திரையை மெதுவாகத்தான் குத்தினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

சட்டை போட்டிருந்தாராம். சும்மா சொல்கிறார். சும்மாதானே?

மே 3, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். மகள் பல் வலிக்குப் போன இடத்தில் என் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். “உங்க அம்மாவ ஆளையே காணோமே” என்றாராம். அவருக்கு என்ன அவசரம்?

“எங்கம்மா போயிட்டு வர்ற, மாசம் ரெண்டு தடவ?”

சொன்னேன். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று ஃபோன் விஷயத்தையும் சொன்னேன். வீடு இரண்டாகும் என்று காத்திருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீதானா? நல்ல வேளைம்மா.”

எனக்கு விளங்கவில்லை.

“அவர் முதல் நாளே போறேன்னார். நான்தான் விடல. ஓடி ஒளிஞ்சா மறந்துருவாங்கன்னு சொன்னேன். மூணாம் நாள் சட்டையப் போட்டுட்டுக் கெளம்பினார். கதவப் பூட்டி சாவிய ஒளிச்சு வெச்சேன். இன்னும் ஒரே நாள் பொறுங்கன்னு அழுதேன். அரை மணி நேரத்துல போலீஸ் வந்துருச்சு. நீ சொல்லலன்னா இன்னும் எத்தன நாள் அவரப் பூட்டி வெச்சிருப்பேனோ. கோர்ட்லகூட அவர் என் பேரச் சொல்லலம்மா. எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் போய் அவரப் பாக்கறது?”

கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன் இத்தனை நாள். ஒரே வீட்டில் இருக்கிறோம். நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வயசு. கனமாகத்தான் இருந்தாள்.

மே 11, சனி

வரமாட்டார் என்றுதான் போனேன். வந்தார். ஒரு வேளை என்னைத் திட்டுவதற்காக இருக்கலாம். அதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

“சட்டை விஷயம் நிஜம்தான்னு தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை.”

அவர் முகம் மாறியது. “அவ சொன்னாளா?”

“சொன்னா. நீங்க ஏன் ஒரு நாள்கூட அவளப் பத்திக் கேக்கல?”

“கேட்டா நீங்க வீட்ல போய்ச் சொல்வீங்க. அவ அழுவா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க வாயில எது தங்குது அத்தை?” என்றார்.

பதினாறு மாதம் தங்கியதே ஒன்று. அதை அவரிடம் சொல்லிக்காட்டவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மே 25, சனி

மனு மகள் பெயரில். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் உள்ளே போகலாம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். இருபது நிமிடம் இவ்வளவு நீளம் என்று உள்ளே இருந்தபோது தெரிந்ததே இல்லை.

சிவந்த கண்ணோடு வந்தாள். “என்ன பேசினீங்க?” என்றேன்.

“ஃபோன் கரகரங்குதும்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆபரேட்டர் மகள் அல்லவா!

ஜூன் 8, சனி

இன்றும் அவள்தான். எனக்கு இந்தச் சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. நிஜமாகவே கண் டாக்டரிடம் போனேன். பவர் ஏறியிருக்கிறதாம்.

ஜூன் 19, புதன்

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து, எத்தனை அறை, யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். வகுப்பில் தேறிவிட்டதாலும் பெயர் கெடாமல் இருப்பதாலும் மாப்பிள்ளைக்கு மூன்று நாள் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டிலுள்ளவர்களின் சம்மதப் படிவத்தில் மகள் முதலில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினாள். போட்டேன்.

“அவர் வந்தா நான் வேணா ஹால்ல படுத்துக்கறேன்” என்றேன், பெருந்தன்மையாக.

ஜூன் 21, வெள்ளி

கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் என் கட்டில் ஏற்கெனவே ஹாலில் கிடக்கிறது. விடுப்பு உத்தரவே இன்னும் வரவில்லை! அறைக்குள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு பெருக்கும் சத்தம் கேட்கிறது.

கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறாள், காற்று வரட்டும் என்று. படுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.