அப்பாவை எட்டிப் பார்க்க ஒரு லென்ஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன்னைத் தனியாக நலம் விசாரிக்கச் சொல்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். போன வாரம் போனில் கேட்டாய், எந்த லென்ஸ் வாங்கணும்னு நான் அவ்வளவு தூரம் எழுதி அனுப்பியும் ஏம்மா வேற லென்ஸை வாங்கின என்று. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நீ குறுக்கே பேச முடியாது, முழுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உன் பழைய சின்னக் கேமராவை நீ அனுப்பியபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள், ஊரில் பாதிப் பேரின் எலும்பு எனக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. பூத்தொட்டி, பூனை, பக்கத்து வீட்டு சைக்கிள் என்று எதையோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குக் கம்பெனியில் கடைசி நாள் குறித்தார்கள். இந்த முழங்காலோடு கிரேன் ஏணியில் இனிமேல் ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னிடம் அப்பா சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார், வீட்டில் சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்ப்பார், படுத்தால் சுவரைப் பார்ப்பார், என்னங்க என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்பார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இருபத்தாறு வருஷம் டவர் கிரேன் ஓட்டிய மனிதர், அவர் வேலை செய்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. வேலை நடக்கிற இடத்துக்குள் நம்மை விட மாட்டார்கள், மேலே கேபினுக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் எடுத்த படங்களிலோ, எங்கள் கல்யாணப் படத்திலிருந்து உன் கல்யாணப் படம் வரைக்கும், கேமராவைக் கண்டால் கண்ணை மூடிவிடுவார். நீ இரண்டாம் வகுப்பில் கிரேன் வரைந்து உச்சியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து இதுதான் அப்பா என்று டீச்சரிடம் காட்டினாய். இப்போது அவர் ஓட்டுகிற கிரேன் நம் மாடியிலிருந்தே தெரியும், அங்கே நின்று நீ அனுப்பிய கேமராவால் எடுத்துப் பார்த்தேன், அதே புள்ளிதான் வந்தது. கடைசி நாளுக்குள் அந்தப் புள்ளிக்குள் இருக்கிற ஆளை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் பிறந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்பது நாள்.

நீ எழுதி அனுப்பியதைப் படிக்காமல் போனேன் என்று நினைக்காதே, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். கடையில் ஒரு அம்மாள், என் வயதுதான், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். ஜூம் லென்ஸ் வேணும் என்றேன். எதை எடுக்கப் போறீங்க, பறவையா, விளையாட்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரரை என்றேன். வீட்டுக்காரருக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம் என்றார். கதையைச் சொன்னதும் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். முதலில் நீ சொன்ன லென்ஸையே கேட்டேன். நிறைய வெளிச்சம் வாங்கும், படம் கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லாம் சரி. அதை உன் கேமராவில் மாட்டியதும் லென்ஸில் கேமரா ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. தூக்கினால் மூக்கு கீழே போகிறது. எக்ஸ்ரே மெஷினைத் தள்ளித் தள்ளி என் வலது மணிக்கட்டு எப்படி ஆகியிருக்கிறது என்று உனக்குத் தெரியும், மூன்றாவது படத்துக்கே கை நடுங்கியது. அதோடு அது எட்டுகிற தூரமும் எனக்குப் போதவில்லை. அப்புறம் பக்கத்திலும் எடுக்கலாம், தூரத்திலும் எடுக்கலாம், கழற்றி மாட்டவே வேண்டாம் என்று ஒன்றைக் காட்டினார். ஆசையாகத்தான் இருந்தது. வாசலில் நின்று எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன், முழுக்க இழுத்ததும் எழுத்தெல்லாம் நான் கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி மங்கியது. மூன்றாவதாக ஒல்லியாக ஒன்று, டம்ளர் அளவுதான் இருக்கும், இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர் வரைக்கும் போகும், கை ஆட்டத்தைத் தானே சமாளிக்கும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் குறைவாகத்தான் வாங்கும்மா, சாயங்காலத்துக்கு மேல கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் வேலையே பகல்லதாங்க என்றேன். அதே பேப்பரை எடுத்தேன், தலைப்பு மட்டுமல்ல, படிக்கிறவரின் நகத்தில் இருந்த அழுக்கும் தெரிந்தது. அதையே வாங்கினேன். நீ சொன்னது நல்ல லென்ஸ்தான் கண்ணு, ஆனால் தூக்க முடியாத லென்ஸ் பீரோவில்தான் இருக்கும்.

வாங்கிவிட்டால் ஆயிற்றா. நம் மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் கேபின் கண்ணாடியில் வெயில் பட்டு வெறும் வெள்ளைதான் வந்தது. சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், கேபின் உயரத்துக்கு நான் இருக்க வேண்டும். தெருவைச் சுற்றிப் பார்த்தேன், அந்தப் பக்கம் உயரமான கட்டடம் ஒன்றுதான், ஏழாவது மாடியில் பல் டாக்டர். போனால் வரவேற்பில் இருந்த பெண் எந்தப் பல் என்று கேட்டாள். ஜன்னல் என்று சொல்ல வாய் வரவில்லை, எல்லாப் பல்லும் சுத்தம் பண்ணணும் என்று சொல்லிப் பத்தரை மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டேன். கடைசி நாளுக்கு முந்தின நாள், பல் பளபளவென்று ஆகி வெளியே வந்து காத்திருப்பவர்கள் அறையில் ஜன்னலோரம் நின்று லென்ஸை முழுக்க இழுத்தேன். ஆஸ்பத்திரியில் வருகிறவர்களிடம் சொல்வேனே, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று, அதை எனக்கே சொல்லிக்கொண்டேன். புள்ளி பெரிதாகி, கேபினாகி, அதற்குள் அப்பா வந்தார்.

என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறாய், பாடிக்கொண்டிருந்தார். முதலில் கீழே சிக்னல் காட்டுகிறவரோடு பேசுகிறார் என்றுதான் நினைத்தேன், ஆனால் வாக்கிடாக்கி கொக்கியில் தொங்குகிறது, இவர் தலையை ஆட்டி ஆட்டி வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்து பாடுகிறார், கை மட்டும் பொறுமையாக லீவரை நகர்த்துகிறது, கீழே கம்பிக் கட்டு ஒன்று ஆடாமல் அசையாமல் இறங்குகிறது. முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், குளிக்கும்போதுகூட இந்த மனிதர் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. எடுத்துக்கொண்டே இருந்தேன், நூற்று நாற்பது படம். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் வலியை மறந்து எழுந்து வந்து, யாருங்க அது என்று எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை.

மறுநாள் கைதட்டி அனுப்பினார்களாம். வந்தார், சாப்பாட்டு டப்பாவை அவரே கழுவிக் கவிழ்த்தார். நான் படங்களை டிவியில் போட்டுக் காட்டினேன். என்னை வேவு பாத்தியா என்று ஒரு வார்த்தை கேட்டார் பார். தப்புப் பண்ணிட்டோமோ, மனிதர் தனக்கென்று வைத்திருந்த ஒரே இடத்துக்குள்ளும் புகுந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ரிமோட்டைத் தள்ளி வைத்தேன். அவரே எடுத்து அடுத்ததைப் போட்டார், அதற்கடுத்ததைப் போட்டார். கடைசியில், கண்ணு நல்லா திறந்துதான் இருக்கு என்றார். என்ன பாட்டுங்க என்று கேட்டதற்கு மட்டும் இன்று வரை பதில் இல்லை.

அதோடு தீர்ந்தது என்றா நினைக்கிறாய். பத்து நாள் ஜன்னல் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கம் கிரேன் தெரியும் என்று. கிரேனுக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார், நாற்பது வயது இருக்கும், அவர் எப்படி ஓட்டுகிறார் என்ற கவலை வேறு அப்பாவுக்கு, வாயால் சொல்ல மாட்டார். ஒரு புதன்கிழமை அப்பாவே, அந்தப் பல் டாக்டர் ஜன்னல் எங்க இருக்கு என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். லென்ஸை எப்படி இழுப்பது என்று காட்டிக் கொடுத்தேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பெண் பெரிய பலகைக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார், அது லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. அப்பாவின் இடது கை ஜன்னல் கட்டையில் இருந்தது, அது தானாக லீவர் பிடிக்கிற மாதிரி மெல்ல மெல்ல நகர்ந்தது. விடு விடு, அவசரப்படாத, நிக்கட்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்கிறார். அங்கே அந்தப் பெண்ணும் அப்படியே நிறுத்தி, ஆட்டம் அடங்கும் வரை காத்திருந்து, பூப்போல இறக்கிவிட்டார். அப்பா மூச்சை விட்டு, வேலை தெரிஞ்சவதான் என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் படம் எடுத்தார். அவர் எடுத்த முதல் படம் அது.

அதை அப்பா பிரிண்டு போட்டு வாங்கிக்கொண்டு வேலை முடிகிற நேரத்துக்குக் கேட்டில் போய் நின்று அந்தப் பெண்ணிடமே கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, எங்கம்மா நான் ஏதோ ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குறேன்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்க சார், இதைக் காட்டவா வேண்டாமான்னு தெரியல என்றாராம். காட்டும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் அப்பா. நேற்று அந்தப் பெண்ணே அப்பாவைத் தெருவில் பார்த்து நிறுத்திச் சொன்னாராம், தன் அம்மா முதலில் பயந்து திட்டினார்கள், அப்புறம் படத்தை எடுத்துக்கொண்டு ஊரில் தங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்க் காட்டினார்கள் என்று. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு அப்பா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெல்டர் ஒருவரும் சாரம் கட்டுகிற இருவரும் எங்களையும் எடுங்க என்று கேட்டிருக்கிறார்களாம், இன்று காலையிலேயே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் பூத்தொட்டியும் பூனையும் அப்படியே நிற்கின்றன.

கவரில் இரண்டு படம் வைத்திருக்கிறேன், ஒன்று அப்பா, ஒன்று அப்பா எடுத்தது. பார்த்ததும் போன் செய், எனக்கு அல்ல, அவருக்கு. வேலையை விட்டதைப் பற்றிக் கேட்காதே, லென்ஸைப் பற்றிக் கேள், மற்றதெல்லாம் தானாக வரும். இன்னொரு பேட்டரி மட்டும் மறக்காமல் அனுப்பு, இருக்கிறது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் உடம்பில் தெம்பும் முகத்தில் சிரிப்புமாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

உன் அன்பு அம்மா
(அப்பா வெளியே போயிருக்கிறார், கையெழுத்துக்கு ஆள் இல்லை)