டிரான்சிஸ்டர் நன்றாகத்தான் இருந்தது, ஜெபா

நான் இடுப்பில் தூக்கி வளர்த்த என் தம்பி ஜெபாவுக்கு,

உன் அக்கா எஸ்தர் எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றக்கூட உன்னைக் கூப்பிட்டவள் நான். இப்போது என் கைப்பையில், டிஃபன் பாக்ஸுக்குப் பக்கத்தில், ஒரு மல்டிமீட்டர் கிடக்கிறது. சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள். பிறகு சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, ஊர் முழுக்கப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊர் பார்க்கத்தானே அம்மா மண்ணை வாரித் தூற்றினாள்? அதற்கு உண்டான பதிலும் ஊர் கேட்கத்தானே வரவேண்டும்?

உனக்கு அது தெரியாது. நீ பெட்டிக்குள் இருந்தாய். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்கள். மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்க நீ பிரஸ் மெஷினுக்குள் குனிந்தாயாம், மெஷின் இறங்கிவிட்டதாம். அவ்வளவுதான் சொன்னார்கள். உன் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குக் காலையில், நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு நீ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினபோது.

மெஷினுக்கு முன்னால் இரண்டு கம்பம் இருக்கும், நடுவில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும், கை குறுக்கே வந்தால் மெஷின் தானாக நின்றுவிடும் என்று நீயே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாய். அது ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். அந்தக் கம்பத்துச் சென்சாரின் சர்க்யூட் கார்டில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது, ரிப்பேர் பார்த்தவன் சரியாகப் பார்க்கவில்லை என்றார்கள். ரிப்பேர் பார்த்தவன் யார்? மணவாள நகரில் கடை வைத்திருக்கும் உன் சிநேகிதன் தயாளன். அந்தக் கம்பெனிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தினதே நீதான்.

கல்லறைத் தோட்டத்துக்கு அவனும் வந்திருந்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பார்வை தாங்காமல் வாயைத் திறந்தான். "கார்டு நல்லாதாம்மா இருந்துது. இவன் வயர் போட்டுகினு ஓட்டிகினு இருந்திருப்பான்."

வயர் போடுவது என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. செத்தவன் மேல் பழி போடுகிறான் என்பது மட்டும் புரிந்தது. அம்மா குனிந்து, உனக்குப் போட வெட்டி வைத்திருந்த மண்ணையே இரண்டு கையாலும் வாரி அவன்மேல் வீசினாள். "வாய் பேச முடியாத எம் புள்ள மேலயா பழி போடற? உன் கை வெளங்காம பூடும்டா." பாஸ்டர் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

அன்றோடு தயாளன் பிழைப்பு போயிற்று. கம்பெனிகள் அவனுக்குக் கார்டு அனுப்புவதை நிறுத்திவிட்டன. மிக்ஸியும் மின்விசிறியும்தான் இப்போது அவன் கடைக்கு வருகின்றன, அதுவும் வெளியூர்க்காரர்களுடையது. எனக்கு மனசு ஆறவில்லை. அவன் வாயாலேயே "நான் சொன்னது பொய்" என்று வரவழைக்கவேண்டும் என்று அவன் கடைக்கே போனேன்.

கம்பெனி அவனிடமே தூக்கிப் போட்டுவிட்டுப் போன அந்தக் கார்டை மேசையில் வைத்தான். "மீட்டர் வெச்சி காட்றேன், வந்து பாருங்க" என்றான்.

"உன் மீட்டர நான் ஏன் நம்பணும்?"

"அப்ப நீங்களே கத்துகினு வந்து பாருங்கக்கா. எனக்கு பேஜாரு வுட்டா போதும்."

விளையாட்டுக்குச் சொன்னானோ வெறுத்துப்போய்ச் சொன்னானோ. நான் கார்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உன் அக்காவின் ரோஷம் உனக்குத் தெரியாதா?

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மீட்டரும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் பலகையும், சின்ன லைட்டுகளும் கேட்டேன். "பையன் ஸ்கூல் ப்ராஜெக்டா மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவளுக்கு இது எதற்கு என்று என் முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் ஃபோனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். முதல் லைட்டை நேராக பேட்டரியில் கொடுத்தேன். ஒருதரம் பளிச்சென்று எரிந்து செத்தது. நடுவில் ரெசிஸ்டர் போடவேண்டும், கரண்டை அளவாக விடுவது அதுதான் என்று அப்புறம் தெரிந்தது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று அதன்மேல் இருக்கும் நிறக் கோடுகளை ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் படித்தது போலப் படித்தேன்.

டிரான்சிஸ்டர்தான் என்னைப் படுத்தியது. உளுந்தை விடக் கொஞ்சம் பெரிசு, மூன்று கால். பேஸ், கலெக்டர், எமிட்டர். எது எந்தக் கால் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிச் சொருகுவேன், லைட் எரியாது. வீடியோக்காரர் என்னென்னவோ சொன்னார், மண்டையில் ஏறவில்லை. கடைசியில் எங்கள் கம்பெனி கேட்டில்தான் அது எனக்குப் புரிந்தது. செக்யூரிட்டி லேசாகக் கையை அசைக்கிறார், அவ்வளவு பெரிய லாரி உள்ளே போகிறது. கையை இறக்கினால் நிற்கிறது. லாரியைத் தள்ளுவது அவர் இல்லை. விடுவதும் நிறுத்துவதும் மட்டும்தான் அவர் வேலை. பேஸ் காலுக்குக் கொஞ்சம் கரண்ட் வந்தால், மற்ற இரண்டு காலுக்கும் நடுவே பெரிய கரண்ட் போகும். அது நின்றால் இதுவும் நிற்கும்.

அன்றைக்கு பேட்டரியின் பிளஸ் வயரையும் பேஸ் காலையும் என் ஈர விரலால் சேர்த்துத் தொட்டேன். லைட் மங்கலாக எரிந்தது. என் உடம்பு வழியாகப் போன துளிக் கரண்ட் போதுமானதாக இருந்தது. விரலை எடுத்தேன், அணைந்தது. எத்தனை தடவை தொட்டுத் தொட்டு எடுத்தேனோ தெரியாது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது.

உன் மெஷினும் இதே மாதிரிதான், இல்லையா? வெளிச்சம் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை சென்சாரில் இருக்கும் டிரான்சிஸ்டர் கரண்டை விடும், மெஷின் ஓடும். கை மறைத்தால் பேஸுக்கு வருவது நிற்கும், டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ளும், மெஷின் நிற்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் அது மூடவே மூடாது. கம்பெனி சொன்னது அதைத்தான்.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருவாள்.

"இன்னாடி, புடிச்சிட்டியா?"

"இரும்மா, புடிக்கிறேன்."

"வுடாத. எம் புள்ள பேர கெடுத்தவன வுடாத."

சால்டரிங் அயர்னைப் பிடித்து, விரலைச் சுட்டுக்கொண்டு, கார்டிலிருந்து அந்த டிரான்சிஸ்டரைக் கழற்றினேன். மீட்டரை வைத்தேன். ஷார்ட் ஆகியிருந்தால் பீப் என்று கத்தும். கத்தவேண்டும் ஆண்டவரே, கத்தவேண்டும் என்று ஜெபித்தேன், ஜெபா. ஒரு சின்ன சாமான் செத்துப்போயிருக்கவேண்டும் என்று ஜெபித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கத்தவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தேன். கடையில் வாங்கின புது டிரான்சிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதுசு காட்டினதையேதான் பழசும் காட்டியது. என் பலகையில் சொருகி விரலை வைத்தேன், எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. அது அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அம்மாவிடம் மீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் உன் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் உன்னோடு அதே லைனில் வேலை செய்த பிரகாசைப் பிடித்தேன். உன் பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். டிரான்சிஸ்டர் நல்லாத்தான் இருக்குது, அப்புறம் எப்படிடா மெஷின் நிற்காமல் போச்சு என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எல்லாரும் போட்றதுதான்க்கா. கை குறுக்க போற ஒவ்வொரு வாட்டியும் மிஷின் நின்னுக்கும். டார்கெட் எப்டி முடிக்கறது? ஒரு துண்டு வயர எடுத்து சென்சார்ல சொருகிட்டா, கை வந்தாலும் வரலன்னு சொல்லிகினே இருக்கும். ஆடிட் வந்தா கழட்டிடுவோம்."

"அன்னிக்கி யார் போட்டது?"

"அவனேதான்க்கா போட்டான்."

"அப்புறம் அந்த வயர் எங்க?"

"சத்தம் கேட்டு ஓடியாந்த சூப்பர்வைசரு மொதல்ல அத்த புடுங்கி பாக்கெட்ல போட்டுகினாரு. அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கே ஃபோன் அடிச்சாரு."

இப்போது எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, "அதேதான்க்கா" என்றான்.

அதே மெஷினா? அதே வயரா? உன் ரத்தத்தைக் கழுவிவிட்டு அதில் இன்னொருத்தனை உட்கார வைத்து, அவனும் ஒரு துண்டு வயரைச் சொருகிக்கொண்டு ஓட்டுகிறானா? கேட்க நினைத்தேன். பஸ் போய்விட்டது.

ஏன்டா அப்படிச் செய்தாய்? வீட்டில் ஃப்யூஸ் போனால் கெட்டியான வயராகப் பார்த்துச் சுற்றிவிட்டு, "இனிமே போவவே போவாது பாரு" என்பாயே. எம் புள்ளைக்கு எவ்வளவு மூளை என்று அம்மா பூரிப்பாள், நானும்தான். போகவேண்டியது போகாமல் இருந்தால் வீடே பற்றிக்கொள்ளும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? இப்போது எனக்குத் தெரியும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். நான் கற்றுக்கொண்டதெல்லாம் நீ போன பிறகு எதற்கு ஆகும்?

உண்மையைச் சொல்லட்டுமா? தயாளனை வெறுத்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்குச் சுலபமாக இருந்தன. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. இப்போது கோபம் முழுக்க உன் பக்கம் திரும்பிவிட்டது. நீ சட்டையைப் பிடித்து உலுக்கமுடியாத தூரத்தில் இருக்கிறாய்.

தயாளனிடம் போய்ச் சொன்னேன். ஒரு மின்விசிறிக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. "இத்ததானக்கா நான் அன்னிக்கே சொன்னேன்" என்றான். மன்னித்துவிடு என்றேன். "மன்னிச்சா கம்பெனிக்காரன் கார்டு அனுப்புவானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதை நேருக்கு நேராகப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் உன் முதலாம் வருஷ நினைவு வருகிறது. ஊர் வழக்கப்படி சுவரொட்டி அடிக்கவேண்டும் என்று அவளே அச்சாபீசுக்குப் போய் உன் ஃபோட்டோவைக் கொடுத்து வாசகமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "கூட இருந்தவனின் துரோகத்தால் எங்களைப் பிரிந்த செல்வமே" என்று. திருப்பாச்சூரிலிருந்து மணவாள நகர் வரைக்கும் ஒட்டவேண்டுமாம். தயாளன் கடைச் சுவரில் இரண்டாக ஒட்டவேண்டுமாம்.

அதைக் கேட்ட பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? பலகையை எடுத்துவந்து அம்மா முன்னால் வைத்தேன். அவள் விரலை நனைத்து வைக்கச் சொன்னேன். லைட் எரிந்தது. எடும்மா என்றேன், அணைந்தது. இது நல்லாத்தான் இருக்குது, தயாளன் ஒன்றும் பண்ணவில்லை, வயரைப் போட்டது நம்ம ஜெபாதான், பிரகாசு பார்த்திருக்கிறான் என்று சொல்லி முடித்தேன்.

அம்மா அழவில்லை. நனைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நான் யார திட்டறது? சொல்லுடி. யார திட்டிகினு நான் உயிரோட இருக்கறது?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

அச்சாபீசுக்குப் போய் வாசகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். உன் ஃபோட்டோ அப்படியே இருக்கும், நீ சிரித்துக்கொண்டிருக்கிற அந்த ஃபோட்டோதான். அதன்கீழே நீயே பேசுவதுபோல எழுதியிருக்கிறேன். "சென்சாரில் வயரைப் போட்டது நான்தான். எடுத்து ஒளித்தது யாரென்று கம்பெனிக்குத் தெரியும். தயாளன்மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கு நீங்கள் போட்டிருக்கும் வயரைக் கழற்றிவிடுங்கள்."

"எம் புள்ளய செவுத்துல நிக்க வெச்சி அசிங்கப்படுத்தப் போறியா?" என்று கேட்டாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஜெபா. கம்பெனி பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் என் கையால் பசை தடவி இதை ஒட்டுவேன். எவனும் நின்று படிக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். பஸ் வந்துவிடும், டார்கெட் காத்திருக்கும். கிழித்தால் மறுபடி ஒட்டுவேன். ஒருத்தனாவது ஏறும்போது திரும்பி உன் முகத்தைப் பார்க்கிறானா என்று, வேலைக்குப் போகிற நேரம் போக, அங்கேயே நிற்பேன்.

ஊர் முன்னால் உன்னைக் காட்டிக்கொடுக்கிற,
உன்னைத் தவிர வேறு தம்பி இல்லாத
உன் அக்கா
எஸ்தர்