பித்தளை ஊக்கும் கைதட்டியும்

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், தொட்டியில் மீன்கள் நலம். குட்டிக் கைகளை விரித்து மூடிக்கொண்டே இருக்குமே உன் கைதட்டிப் பவளம், அது மட்டும் ஒரு பெரிய கதை ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பார்சலில் இரண்டு சட்டை வைத்திருக்கிறேன். இந்தக் காகிதத்தை நீலச் சட்டையின் பையில் மடித்து வைத்ததற்குக் காரணம், பார்சலை ஒட்டப்போவது உன் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம், "அப்பா ஏம்மா லைன்லயே வர மாட்டேங்கறாரு, நான் வேலைக்கு இவ்ளோ தூரம் வந்தது இன்னும் கோவமா?" என்று கேட்கிறாய். கோபமாவது ஒன்றாவது! நீதான் கோபித்துக்கொள்வாய் என்று அந்த மனுஷன் நடுங்கிக்கொண்டிருக்கிறார். கிளம்பும்போது நீ, "கைதட்டிய மட்டும் பாத்துக்கோங்கப்பா" என்று சொன்னாய், அவரும் பஸ் டிரைவருக்கே உரிய தோரணையில், "நான் இருக்கேன்ல, நீ நிம்மதியாப் போ" என்றார் அல்லவா, எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம்.

கைதட்டி எப்படி வளரும் என்று உனக்கே தெரியும். ஒரு கல்லில் வைத்தால் அடுத்த கல்லில் நிற்கும், இடம் கொடுத்தால் தொட்டி முழுக்கப் படுத்துக்கொள்ளும். அவ்வப்போது நான் அதற்கென்று வைத்திருக்கும் சின்னக் கத்தரியால் ஒரு கிளையை நறுக்கி (என் துணிக் கத்தரியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்), ஒரு சிறு கல்லில் வைத்து, பிள்ளைகளின் கவுனுக்கு வெட்டியதில் மிஞ்சிய வலைத்துணியை மேலே போர்த்தி, நூலால் தளரக் கட்டிவிடுவேன். பசை போட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும், துணியும் நூலும் என்றால் அதுவே நிதானமாகக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். இப்படி வளர்த்து, அளவு கொடுக்க வருகிறவர்களில் தொட்டி வைத்திருக்கிறவர்கள் தலையிலெல்லாம் கட்டியாகிவிட்டது. கீழ் வீட்டுப் பல் டாக்டர்கூட ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

நான் உன் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்த சமயம், எனக்கு வேலை மிச்சம் பண்ணுகிறேன் பேர்வழி என்று இவரே உட்கார்ந்து நறுக்கியிருக்கிறார். ஸ்டீயரிங் பிடித்த விரலுக்கு நூல் முடிச்சு எங்கே வரும்? என் தையல் பெட்டியைத் திறந்து ஊக்கு எடுத்திருக்கிறார். அதிலும் சாதாரண ஊக்கு உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும் என்று யோசித்து, பட்டுத் துணிக்கென்று நான் வைத்திருக்கும் பித்தளை ஊக்காகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு கல்லிலும் வலைத்துணியைக் குத்தி வைத்திருக்கிறார். பித்தளையில் இருப்பது செம்பு, செம்பு பவளத்துக்கு விஷம் என்று அவருக்கு யார் சொன்னது? அக்கறையாகச் செய்த காரியம், அதுதான் கொடுமை.

நான் வந்து பார்த்தபோது ஊக்கெல்லாம் பச்சை பூத்திருந்தது, நத்தை கவிழ்ந்து கிடந்தது, கைதட்டிகள் ஈரக் காகிதம் மாதிரி கரைந்து தொங்கின. நான் போட்ட சத்தத்தில் பல் டாக்டரே மாடியேறி வந்துவிட்டார். ஊக்குகளைப் பொறுக்கி, தண்ணீரை மாற்றி, விஷத்தை உறிஞ்சக் கரி போட்டு என்னென்னவோ செய்தேன். மற்ற பவளங்கள் சுருண்டுகொண்டு பிழைத்தன, கைதட்டி ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றிலிருந்து உன் அப்பா அந்த அறைக்குள் வருவதில்லை, வாசற்படியில் நின்று மீனுக்குத் தீனி போட்டாயா என்று கேட்பதோடு சரி. போன் மணி அடித்தால் குப்பை கொட்டப் போய்விடுவார். நம் வீட்டில் அவ்வளவு குப்பை ஏது!

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, டாக்டரிடம் கொடுத்தது இருக்கிறதே! போய்ப் பார்த்தால் நோயாளிகள் காத்திருக்கும் அறைத் தொட்டியில் நம் வீட்டுக் கைதட்டி காடாக நிற்கிறது. "எடுத்துட்டுப் போங்கம்மா, அடங்க மாட்டேங்குது" என்று கும்பிடாத குறையாக ஒரு கொத்து கொடுத்தார். தண்ணீரில் செம்பு துளியும் இல்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டு, என் கண்ணாடியைக் காணோம், கொஞ்சம் கட்டிக் கொடுங்கள் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடி என் தலைமேலேயே இருந்தது. அதைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு முடிச்சுக்கு அரைமணி நேரம், நான் வாயே திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

கட்டி வைத்த கைதட்டி பல நாள் மூடியே கிடந்தது. இவரும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே கிடந்தார். நேற்று நான் மெஷினில் இருந்தபோது, "அடியே, கைதட்டுதுடி! ஓடி வா!" என்று ஒரு கத்தல், தைத்துக்கொண்டிருந்த காலர் கோணிக்கொண்டது. போய்ப் பார்த்தால் குட்டிக் கைகள் விரிந்து மூடி விரிந்து மூடி, அச்சு அசல் பழையபடி. உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ளகிட்ட நீ ஒண்ணும் சொல்லிடாத, ஞாயித்துக்கிழம நானே சொல்லிக்கறேன்" என்றார். இன்று காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "அம்மாடி, அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பார்சல் முந்திக்கொண்டு வந்துவிட்டால், உனக்கு ஒன்றும் தெரியாது, சரியா? உனக்கு நடிக்க வராது, அதனால் அதிகம் பேசாதே. அவர் சொல்லி முடிக்கட்டும். முடித்ததும் பரவாயில்லப்பா என்று உடனே சொல்லிவிடாதே, முதலில் நன்றாக நாலு திட்டு திட்டு. திட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும், அதன் பிறகுதான் முன்போல் உன்னிடம் வாய் ஓயாமல் பேசுவார்.

வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணே. நீலச் சட்டை தோளில் பிடித்தால் சொல், உள்ளே துணி விட்டு வைத்திருக்கிறேன்.

உன் போனுக்கு முன்னால் உன் அப்பாவை உட்கார வைக்கக் காத்திருக்கும்,
அம்மா