பட்டியலில் ஆள் இல்லாத வீடு

வியாசர்பாடி
4.8.2024

அன்புள்ள பீம்ராவ்,

மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தேன். போதும்.

எம்.ஏ. தேர்வுக்கு பேசின் பிரிட்ஜ் நடைபாலத்தில் படித்த மாலைகள் உனக்கு நினைவிருக்கும். இருவருக்கும் ஒரே புத்தகம். மனிதனை மனிதன் கொல்லாமல் காக்கத்தான் அரசு என்றாய். அரசே கொன்றால் எங்கே ஓடுவது என்று கேட்டேன். "இன்னா நைனா, மழையே வரல, அதுக்குள்ள கொட ஒழுவுதுன்ற" என்று சிரித்தாய். என் தங்கை செங்கொடி தூக்குவாளியில் டீ கொண்டுவந்து, "அரசாங்கத்த அப்பால பாத்துக்கலாம், டீ ஆறிப்பூடும்" என்பாள்.

எங்கள் கால்வாய்க்கரை வீடுகளை இடிப்பதற்காக ஜூனில் மாநகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வந்தவன் நீ. எங்கள் கதவு எண்ணுக்கு நேரே 'ஆள் இல்லை' என்று எழுதினாய். காலி வீடு என்று ஜூலை பன்னிரண்டாம் தேதி காலையில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். நுரையீரல் நோயில் படுத்திருந்த செங்கொடியின் ஆக்சிஜன் மெஷின் நின்றது. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு நான் வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அவள் கையால் எத்தனை வருடம் சாப்பிட்டாய்? பதில் எழுது.

உன் பழைய தோழன்,
செங்குட்டுவன்

திருவொற்றியூர்
9.8.2024

அன்புள்ள செங்குட்டுவா,

கணக்கெடுத்த அன்று நூற்று நாற்பது கதவுகள். உன் கதவை மூன்று முறை தட்டினேன். "செங்கொடி" என்று கூப்பிட்டேன். சத்தமில்லை. வெளியே பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டில் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. அது என் குற்றம். மேலே புகார் கொடு, மறுக்க மாட்டேன்.

ஆனால் உள்ளே ஆளை வைத்துப் பூட்டியது யார்?

பீம்ராவ்

வியாசர்பாடி
13.8.2024

பீம்ராவ்,

நான்தான். எழுந்து தாழ் போட அவளால் முடியவில்லை, தெருநாய் உள்ளே வருகிறது என்றாள். தினமும் பூட்டி, சாவியை அடுத்த வீட்டு அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். பன்னிரண்டாம் தேதி அங்கம்மா மீன் வாங்க காசிமேடு போயிருந்தாள்.

ஜூனில் யாரோ வந்து தட்டியதுகூட எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே செங்கொடி சொன்னாள்: "யாரோ கூப்ட்டாங்கண்ணா. கொரல் குடுக்க முடில." யாராவது விற்க வந்திருப்பான், விடு என்றேன்.

உன்மேல் எழுதிய புகார் மேசையில் இருக்கிறது. அனுப்பப் போவதில்லை. மன்னித்துவிட்டதாக நினைக்காதே. உன்னை இனிப் பார்க்கவும் விருப்பமில்லை.

இந்தக் கடிதத்தின் கீழே 'உன் தோழன்' என்று எழுதக் கை வரவில்லை. 'செங்கொடியின் அண்ணன்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.