நீலக் கடாவில் பியர் புளித்ததில்லை

7, சேப்பல் தெரு,
கோல்டர்ஷா, யார்க்‌ஷயர்.
12 மார்ச் 2007

மதிப்பிற்குரிய திருமதி டோரீன் சக்டன் அவர்களுக்கு,

எதிர்வீட்டு கிளிஃபர்ட் ஹெல்லிவெல் எழுதுவது. ஐந்து வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இருவருக்குள் இந்த மரியாதை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சனிக்கிழமை என்னைத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தும்போது, "இனிமே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொன்னீர்கள். பேசக் கூடாது என்றுதான் சொன்னீர்கள். எழுதக் கூடாது என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

விஷயம் இதுதான். உங்கள் நீலக் கடா பப்பின் கூரையில், இடப்பக்கப் புகைபோக்கிக்குக் கீழே, ஓடு ஒன்று நழுவித் தொங்குகிறது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. அடுத்த காற்றுக்கு அது யார் மண்டையிலாவது இறங்கும். இருநூறு வருஷத்துப் பப்புக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் வர வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் ஆர்னல்டுக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்ததா?

என் முக்காலியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கி. ஹெல்லிவெல்
பெயர்ப்பலகை எழுதுபவர்


நீலக் கடா,
சேப்பல் தெரு.
15 மார்ச் 2007

கிளிஃப் அவர்களே,

ஓடு மாற்றியாயிற்று. நன்றி. அதனால் தடை நீங்கிவிட்டது என்று கனவு காணாதீர்.

நீர் செய்த காரியத்தை நீரே மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. என் குத்தகையை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க பியர் கம்பெனியிலிருந்து மனிதர் வந்து, உமக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கட்டிய கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நான் ஒற்றை ஆளாக நிற்கிறேன். நீர் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளாடி எழுந்து, முக்காலியை உருட்டிவிட்டு, "ஏம்மா டோரீன், இது பியரா, இல்ல மீன் வறுவல்ல தெளிக்கிற வினிகரா?" என்று கூரை அதிரக் கத்துகிறீர்!

அதற்குத்தான் சொன்னேன்: "வெளிய போடா! இந்த வாசலுக்கு மேல எம் பேரு இருக்கிற வரைக்கும் உன் காலு உள்ள படக் கூடாது!" அந்த வாசலுக்கு மேல் என் பெயரை எழுதியவரும் நீர்தான். அது அழிந்துபோகாத பெயின்ட் என்று பெருமையடித்துக்கொண்டவரும் நீர்தான். நன்றாக அனுபவியும்.

குத்தகை கிடைத்துவிட்டது. 'சச்சரவுக்காரர்களை உடனே வெளியேற்றும் துணிவுள்ளவர்' என்று அந்த மனிதர் குறிப்பு எழுதியிருக்கிறாராம்.

இருபத்தாறு வருஷத்தில் என் பியரை யாரும் குறை சொன்னதில்லை. "அன்றைக்கு பியர் நன்றாகத்தான் இருந்தது" என்று ஒரு வரி எழுதி அனுப்பும். மறுநாளே கதவு திறக்கும்.

ஆர்னல்டுக்கு ஜன்னலோரப் படுக்கைதான். உம்மைக் கேட்டார்.

டோரீன் சக்டன்


7, சேப்பல் தெரு.
9 ஜூலை 2007

அன்புள்ள டோரீன்,

ஆர்னல்டு போனதிலிருந்து இதுவரை பேனா எழும்பவில்லை. ஆர்னல்டைப் போல நிலவறையில் பீப்பாய்களோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறவனை நான் பார்த்ததில்லை. அடக்கத்துக்குப் பிறகு ஊரே உங்கள் கடைக்குள் போனது. நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிர்ச்சுவரோரம் நின்றேன். நீங்கள் பன்றித்தொடைக் கறி ரொட்டியும் ஒரு துண்டு கேக்கும் தட்டில் வைத்து வெளியே கொடுத்தனுப்பினீர்கள். அழுதுகொண்டே தின்றேன். சொல்வதில் வெட்கமில்லை. தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். எப்படித் திருப்பித் தருவது என்றுதான் தெரியவில்லை.

இன்னொரு செய்தி. கடைக்குள் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்தாலும் வந்தது, உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இப்போது கையில் கோப்பையோடு என் சுவரோரம்தான் நிற்கிறார்கள். நான் போக முடியாத பப் என்னைத் தேடி வந்துவிட்டது. "கிளிஃப், நீ போட்ட தடையா, அவ போட்ட தடையா?" என்று கிண்டல் வேறு.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. நல்ல பியரை நல்ல பியர் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

கிளிஃப்


நீலக் கடா.
4 நவம்பர் 2013

கிளிஃப் அவர்களே,

நூற்பாலையை இடித்துவிட்டார்கள், தெரிந்திருக்கும். ஷிப்ட் முடிந்து நாற்பது பேர் ஒரே மூச்சில் நுழைகிற கடை, போன செவ்வாய் மாலையில் இரண்டு பேரும் ஒரு நாயும். நாய்தான் கடைசிவரை இருந்தது.

ஆனால் இந்த டோரீன் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. வியாழக்கிழமைகளில் வினாடிவினா தொடங்கிவிட்டேன். ரொட்டிக்கடைக்காரர் மகள் கிர்ஸ்டி நடத்துகிறாள். போன வாரம் உட்கார இடமில்லை. தேவாலயத்துப் பாடகர் குழுவின் அறையில் வெந்நீர்க்குழாய் வெடித்துவிட்டதால் அவர்களும் இங்கேதான் பயிற்சி. தொண்டை காய்கிறவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்.

இதைக் கேளும். நம் தபால் நிலையத்தை மூடிவிட்டார்களே, அந்த ஸ்டாம்ப் விற்கிற ஜன்னல் இப்போது என் கடைக்குள், கணப்படுப்புப் பக்கத்து மூலையில்! இனி ஸ்டாம்ப் வாங்க எங்கே போவீர், ஐயா?

கண்ணாடி வழியாக நீர் எட்டிப்பார்ப்பது எனக்குத் தெரியும். உம்முடைய முக்காலியில் யாரும் உட்காருவதில்லை. நாய் மட்டும் ஒருமுறை உட்கார்ந்தது.

டோ. சக்டன்


7, சேப்பல் தெரு.
9 நவம்பர் 2013

அன்புள்ள டோரீன்,

உறையின் மேலிருக்கும் முத்திரையைப் பாருங்கள். அடுத்த ஊருக்கு இரண்டு மைல் நடந்து ஸ்டாம்ப் வாங்கி, அங்கேயே பெட்டியில் போடுகிறேன். இது மூன்று நாள் ஊர்சுற்றி உங்கள் கடைக்குள்ளேயே வந்து விழும். என்னால் வர முடியாத இடத்துக்கு என் கையெழுத்தாவது போகிறதே.

வழியில் ரயில்வே கிளப்பில் ஒரு பைண்ட் பியர் குடித்தேன். அதைப் பற்றி எழுதினால் காகிதம் கெட்டுவிடும்.

வினாடிவினா நாளில் உங்கள் ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. உள்ளே கூட்டம் இருந்தால்தான் அப்படி ஆகும். எனக்கே மார் விரிந்தது.

கிளிஃப்


7, சேப்பல் தெரு.
23 மார்ச் 2020

டோரீன்,

கொள்ளைநோய்க்காக நாடு முழுக்கப் பப்புகளை மூடச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைதான் முதல்முறையாக நீலக் கடா இருட்டாக இருப்பதைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரிலும் இருட்டடிப்புத் திரைக்குப் பின்னால் திறந்திருந்த கடை என்று அப்பா சொல்வார். நீங்கள் பீப்பாய் பீப்பாயாகச் சாக்கடையில் ஊற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

தினமும் நண்பகலில் உங்கள் மாடி ஜன்னலுக்கு வந்து நில்லுங்கள். நான் என் ஜன்னலில் டீக்கோப்பையைத் தூக்கிக் காட்டுகிறேன். வராவிட்டால் ஆளை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்வேன்.

கிளிஃப்


நீலக் கடா.
2 அக்டோபர் 2022

கிளிஃப்,

ஜெயித்துவிட்டோம்!

அந்தக் கம்பெனி இந்தக் கட்டடத்தை ஆறு வீடாகக் கூறுபோட்டு விற்கிறோம் என்றபோது நான் துணிமணியைக் கட்டத் தொடங்கினேன் என்பதை உமக்கு மட்டும் சொல்கிறேன். இந்தத் தெரு விடவில்லை. பாடகர் குழு, வினாடிவினாக் கூட்டம், சர்ச் பாதிரியார், குடியையே தொடாத மிசஸ் ஓல்ட்ராய்டு உட்பட எல்லாரும் சேர்ந்து பணம் போட்டுக் கடையை வாங்கிவிட்டார்கள். "குடிக்க மாட்டேன், ஆனா ஸ்டாம்புக்கு நான் எங்க போறது?" என்று அந்த அம்மாள் கூட்டத்தில் எழுந்து கேட்டதும் கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம்.

தெருவின் குறுக்கே 'நீலக் கடா எங்களுடையது' என்று அந்தப் பெரிய துணி தொங்கியதே, அதை யார் எழுதினார்கள் என்று எல்லாரையும் கேட்டேன். தெரியாது என்கிறார்கள். எனக்குத் தெரியும். என் வாசலுக்கு மேலே உள்ள அதே சுழி. கடையைக் காப்பாற்ற மழையில் நின்று கையெழுத்து வாங்கிய கிழவன் யார் என்பதும் தெரியும்.

உம்மை உள்ளே கூப்பிட்டு ஒரு பைண்ட் ஊற்றித் தர என் கை துறுதுறுக்கிறது. ஆனால் நீர் இன்னும் அந்த ஒரு வரியை எழுதவில்லை.

டோரீன்


7, சேப்பல் தெரு.
11 ஏப்ரல் 2023

அன்புள்ள டோரீன்,

மூட்டுவலியால் நிலவறைப் படி இறங்க முடியவில்லை என்றும், உரிமம் கிர்ஸ்டி பெயருக்கு மாறுகிறது என்றும் கேள்விப்பட்டேன். நல்ல பெண். கெட்டிக்காரி.

கடையை வாங்கியவர்களின் கமிட்டியார் என் வீட்டுக்கு வந்தார்கள். வாசலுக்கு மேலே உன் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரை எழுத வேண்டுமாம். 24ஆம் தேதி, திங்கட்கிழமை. அதில் ஒருவர் கண்ணடித்து, "அவ பேரு போயிட்டா உன் தடையும் போச்சு கிளிஃப், ஏணிய விட்டு எறங்கி நேரா உள்ள போயிடலாம்" என்றார்.

உண்மைதான். 'எம் பேரு இருக்கிற வரைக்கும்' என்றுதானே சொன்னாய். ஆனால் அப்படி நுழைவதற்கு நான் பதினாறு வருஷம் காத்திருக்கவில்லை. வேலையை ஒப்புக்கொண்டேன், எழுதித் தருவேன். ஆனால் வேறு பெயருக்குக் கீழே அந்த வாசலைத் தாண்ட மாட்டேன். உன் பெயர் மேலே இருக்கும்போது நீ கூப்பிட்டால் வருவேன். இல்லாவிட்டால் ரயில்வே கிளப்பே என் தலையெழுத்து.

பதின்மூன்று நாள் இருக்கிறது.

கிளிஃப்


நீலக் கடா.
20 ஏப்ரல் 2023

கிளிஃப்,

ஒன்பது நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அன்றைக்கு பியர் புளித்திருந்தது.

உன்னைத் தள்ளிவிட்டு வந்து, நீ வைத்துவிட்டுப் போன பைண்டை எடுத்து ஒரு வாய் குடித்தேன். வினிகரேதான். திங்கட்கிழமைதோறும் பியர் ஏறிவரும் குழாய்களைக் கழுவுகிறவள் நான். ஆர்னல்டு ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று வாரமும் கழுவவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

கம்பெனி மனிதர் அதே பியரைத்தான் கேட்டிருந்தார். என் கை பியர் இறைக்கிற பம்ப்பில் இருந்தது. அப்போதுதான் நீ கத்தினாய். நான் பம்ப்பை விட்டுவிட்டு உன்னைத் துரத்தினேன். திரும்பி வந்தபோது அந்த மனிதர் வெளிறிப்போய், "எனக்கு ஒரு டீ போதும்மா" என்றார். அவர் ஒரு சொட்டு குடித்திருந்தாலும் அன்றைக்கே நானும் ஆர்னல்டும் தெருவில் நின்றிருப்போம்.

ஒரே ஒரு வாய் குடித்தவன் எப்படித் தள்ளாடினான் என்று கோப்பையைக் கழுவும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. குடிகாரன் உளறல் என்று அந்த மனிதர் நம்ப வேண்டும் என்றுதானே முக்காலியை உருட்டினாய்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஐந்தாம் நாள் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். உன் தடையை எடுத்தால், பியர் புளித்தது என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகும். முதலில் குத்தகை போய்விடும் என்ற பயம். பிறகு வெறும் திமிர். நீயும் வாயைத் திறக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

சனிக்கிழமை என் கடைசி நாள். காலை ஆறு மணிக்கு சூப் பெயர் எழுதுகிற கரும்பலகையை வாசலில் வைப்பேன். அதில் சூப் இருக்காது. '2007 மார்ச் 10 அன்று இந்தக் கடையில் பியர் புளித்திருந்தது. கிளிஃப் ஹெல்லிவெல் சொன்னது உண்மை. டோரீன் சக்டன்' என்று இருக்கும். ஊர் படிக்கட்டும்.

தடையை எடுத்துவிட்டேன். என் பெயர் மேலே இருக்கிறது. நான் கூப்பிடுகிறேன். வாடா.

டோரீன்


7, சேப்பல் தெரு.
22 ஏப்ரல் 2023, காலை ஏழு மணி

அன்புள்ள டோரீன்,

கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். முதலில் இதைப் படி.

பலகையைப் பார்த்தேன். மூன்று முறை படித்தேன். பிறகு ஈரத்துணி எடுத்துவந்து சுத்தமாகத் துடைத்துவிட்டேன். செய்தித்தாள் போடுகிறவள் வருவதற்கு முன்பே. யாரும் பார்க்கவில்லை.

நீலக் கடாவில் பியர் புளித்ததில்லை. இருநூறு வருஷத்தில் ஒருநாளும் இல்லை. இந்தத் தெருவில் பிறந்தவன் நான், எனக்குத் தெரியாதா? என்னை ஏன் உள்ளே விட்டாய் என்று யாராவது கேட்டால், கிளிஃப் மன்னிப்புக் கேட்டான் என்று சொல். நான் மறுக்க மாட்டேன்.

தள்ளாடியது தரை ஈரமாக இருந்ததால்.

வெறும் பலகை வாசலில் நின்றால் நன்றாக இருக்காது என்று 'இன்றைய சூப்: பட்டாணி' என்று எழுதியிருக்கிறேன். சுழியெல்லாம் போட்டு. நீ வேறு சூப் வைத்திருந்தால், இப்போதே பட்டாணியை அடுப்பில் ஏற்று.

நண்பகலுக்கு வருகிறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. பதினாறு வருஷத்துத் தட்டும் கையில் இருக்கும். எனக்கு ஒரு பைண்ட் ஊற்றி வை. உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் கொஞ்ச நேரம் நின்று மேலே பார்ப்பேன். அந்தப் பெயரை எழுதியவன் நான். அவசரப்படுத்தாதே.

உன்,
கிளிஃப்