அழைப்பிதழில் அச்சான பட்டம்

மாட்டுங்கா
20-4-64

சிரஞ்சீவி சங்கரனுக்கு அம்மா மனமார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பகவான் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம், கல்கத்தாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எனக்கு க்ஷேமம். கோமதியின் கல்யாண அழைப்பிதழ் கிடைத்திருக்கும், அதில் அப்பா பெயருக்குப் பின்னால் எப்.டபிள்யூ.ஏ. என்று போட்டிருப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பாய். தை மாதம் உங்கள் ஊரிலிருந்து அகில உலகக் கணக்கர் கழகம் என்று ஒன்று அப்பாவுக்கு எழுதியது, தேசத்திலேயே பேர்பெற்ற அக்கவுண்டன்ட்களில் அவர் ஒருவராம், சந்தா கட்டினால் பட்டமும் சர்ட்டிபிகேட்டும் தருவார்களாம். அப்படிப் பணம் கட்டி வாங்கியதுதான் இது. விக்ரோலி கம்பெனியில் இத்தனை வருஷம் மாடாய் உழைத்தவரை ஒருவரும் கெட்டிக்காரர் என்று சொன்னதில்லை, அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். நம் மனிதர்களுக்குத்தான் பத்திரிகையில் பெயருக்கு வால் இல்லாவிட்டால் திருப்தி இராதே, அச்சடித்தாகிவிட்டது.

போன வாரம் மாடி விசாலம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கோமதியிடம் படிக்கச் சொன்னாள். அதே கழகம், அதே வார்த்தைகள், ஐப்பசியில் காலமான அவள் அகத்துக்காரருடைய புகழ் நாளுக்கு நாள் வளர்கிறதாம். கோமதி சிரித்தாள், பிறகு முகம் வாடிவிட்டது. நான் அப்பாவிடம் மெல்லக் கேட்டேன், பெரிய ஸ்தாபனங்களுக்குச் சாவுச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்கிறார். இருக்குமோ என்றும் தோன்றுகிறது, இராது என்றும் தோன்றுகிறது.

இதற்குள் ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து சம்பந்தி சுந்தரராமன் வந்தார். பட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்போகிறார் என்று நான் அவசரமாகக் காப்பியை நீட்டினேன். அவரோ காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் ஆடிட் ஆபீஸிலே தலை நரைச்சவன்தானே, எனக்கும் நீங்க ஒரு வார்த்தை எழுதிப் போடணும்" என்றார். அப்பா அங்கேயே சிபாரிசு எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பந்தி சீக்கிரமே பணம் கட்டப்போகிறாராம்.

கழகத்தின் விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், நீ நேரில் போய்ப் பார். நிஜமாகவே ஆபீஸ் இருந்தால் அப்பாவுக்கே எழுது. இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்குப் புத்தி ஓடவில்லையடா. இப்போது சொன்னால் அப்பாவால் பந்தலில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது, கல்யாணம் ஆனபின் சொன்னால் கோமதியால் அந்த வீட்டில் முடியாது. இருவரில் யாரைத் தலைகுனிய வைப்பது, நீயே சொல்.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வா. தீர்க்காயுசாக இரு. பதிலைக் கார்டில் எழுதாதே, கவரில் விசாலம் பெயருக்குப் போடு. உன் கையெழுத்தைக் கண்டால் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படிப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
தர்மாம்பாள்