சதுப்பை அடைத்த புல்கட்டிகள்

மதினி,

இன்று அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டேன். புகையோடு அந்தக் காரமணம் எழுந்ததும், ஆள் கிடைக்காமல் நாம் இருவர் மட்டும் பூண்டு பிடுங்கிய வருடம் நினைவுக்கு வந்தது.

உருளைக்கிழங்குக்கு நல்ல விலை வந்த ஐம்பதுகள் அவை. ஊருக்கு மேலிருந்த சதுப்பில் வடிகால் வெட்டி, நிலத்தைக் காயவைத்துக் கிழங்கு போட ஊர் முடிவு செய்தது. மழையைப் பிடித்து வைத்துக் கோடை முழுக்க நம் ஓடைக்குக் கசியவிடுவதே அந்தச் சதுப்புதான் என்று கோயில் முன்னால் கத்தினேன்.

"தவளைக்கு வக்கீல் வந்துட்டாருப்பா!" என்றார் ஊர்ப் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்கய்யா. சித்திரையில கொடத்தோட அலையப்போறது ஒங்க பொண்டாட்டிகதானே?" என்று கேட்டீர்கள்.

வெட்டினார்கள். மறுநாள் வெள்ளனே நாம் இருவரும் போய், வேரோடு பெயர்த்த புல்கட்டிகளை அடுக்கி வடிகாலை அடைத்தோம். அவர்கள் பிடுங்க, நாம் அடைக்க, கடைசியில் நம் பூண்டுக் காட்டுக்கு யாரும் கைமாற்றாக, வேலைக்கு வேலை செய்துகொடுக்கப் போகக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உங்கள் பூண்டில் பாதி மண்ணிலேயே அழுகியது.

"விட்டுடலாமா மதினி?" என்றேன்.

"பூண்டு அடுத்த வருசமும் வெளையும், கொழுந்தனாரே. சோலியப் பாருங்க."

மிச்சப் பூண்டை நாம் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அவர்கள் அடைப்பைப் பிடுங்கி வடிகாலை இன்னும் ஆழமாக வெட்டினார்கள். பெய்த மழையெல்லாம் ஓடிப்போயிற்று. அந்தக் கோடையில் ஓடை நூலாக இளைத்தது. ஒரு குடம் நிறைய அரைப் பொழுது ஆனது. பிறகு ஒரு காலை, நாம் மறுபடி வடிகாலை அடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பெரியவரின் மனைவி முதலில் வந்தார், தலையில் புல்கட்டியோடு. பின்னாலேயே ஊர் வந்தது.

நான் வாங்க மறுத்தேன். "மொதல்ல தப்புன்னு சொல்லச் சொல்லுங்க."

"வாயால சொன்னாத்தானா? அந்தம்மா கழுத்து வலிக்குது, வெரசா வாங்கி வைங்க" என்று அதட்டினீர்கள்.

வடிகால் இருந்த இடம் தெரியாமல் இப்போது கோரை மண்டிவிட்டது. இந்தக் கோடையிலும் ஓடை நிற்கவில்லை. போன மாதம் சதுப்பில், நீரை உறிஞ்சும் தைலமரம் நட ஆட்கள் வந்தபோது, நான் மூச்சிரைக்க ஏறிப் போவதற்குள் ஊரே அங்கே நின்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தது.

அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை தப்பென்று சொல்லவில்லை. நானும் மறக்கவில்லை. ஆனால் மழைக்காலம் முடிந்து கரை சரிந்த இடங்களை அடைக்கும்போது, யார் புல்கட்டி நீட்டினாலும் வாங்கி வைத்துவிடுகிறேன். கோபம் அப்படியே இருக்கிறது, மதினி. கை மட்டும் நீங்கள் சொன்னபடி கேட்கிறது.